கண்டற் காட்டிற் கற்பித்தல்

கடலும் களப்பும் உப்பளமும் சூழ்ந்தது எமது புத்தளம் மாவட்டம். கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்றிடலில் நின்று களப்பை நோக்குவார்க்கு, நீர்ப்பரப்பின் விளிம்பிற் கரும்பச்சைக் கோடொன்று தோன்றும். அக்கோடே கண்டற் காடு. எம் மாணாக்கருட் பலர் அதனைக் கண்டு வளர்ந்தவர். அதனுள்ளே புகுந்து நண்டும் இறாலும் பிடித்துக் குடும்பம் நடத்துவோரின் மக்கள். ஆயினும் 'காடு' என்னும் பொருள்பற்றி ஒரு கட்டுரை வரைக என்று வகுப்பிற் பணித்தால், இவர்கள் வரைவது யாது? வானளாவிய தேக்கு, துள்ளும் மான், பிளிறும் யானை, இவற்றோடு இற்றை நாளில் இலங்கைக் காடு எதிலும் இல்லாத வரிப்புலி! தம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நீரில் நிற்கும் காட்டைப்பற்றி ஒரு வரியும் இராது. பல ஆண்டுகளாக இத்தகைய கட்டுரைகளுக்குப் புள்ளி வழங்கிவந்த நாம், குறை மாணாக்கரிடத்தா எம்மிடத்தா என்று ஒருநாள் எண்ண நேர்ந்தது.

காட்டைப்பற்றி எழுதுதற்குத் தமிழாசிரியர்க்கு என்ன உரிமை என வினவுவார் உளர். விஞ்ஞான ஆசிரியர்கள் எம்மை மன்னிப்பார்களாக. நெய்தல் நிலத்துப் பாடல்களைக் கற்பிக்கும்போது கண்டலும் தாழையும் ஞாழலும் இடையறாது வருகின்றன. உரையாசிரியர் 'கண்டல் என்பது ஒரு மரம்' என்று எழுதி மேற்செல்வர். நாமும் அவ்வாறே சொல்லி மேற்சென்றோம். அம்மரம் வகுப்பறைச் சாளரத்திலிருந்து ஒரு நாழிகைத் தூரத்துக்குள் நிற்கிறது என்பதை நாம் சொல்லவில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் எண்ணித் தொகுத்த மலர்களுள் தில்லையும் ஒன்று. சிதம்பரத் திருக்கோயிலின் தலவிருட்சமும் அதுவே. தில்லைவனம் என்று பக்தியோடு சொல்லும் எம் பிள்ளைகளுட் பலர், அந்தத் தில்லை எமது களப்போரத்தில் வளரும் கண்டற் காட்டு மரங்களுள் ஒன்று என்பதை அறியார். சொல் வேறாகவும் பொருள் வேறாகவும் பிரிந்து கிடந்தன. அவற்றைச் சேர்த்துவைக்கும் பணி தமிழாசிரியர்க்கும் உரியது என்றே கொண்டோம்.

இம்முயற்சிக்கு ஒரு தூண்டுதல் கடல் கடந்து வந்தது. கண்டற் காடுகளைக் காக்கும் பொருட்டு 1992 ஆம் ஆண்டு அமெரிக்காவிலே தொடங்கப்பெற்ற 'மங்குரோவ் அக்சன் புரொஜெக்ற்' என்னும் அமைப்பு, பள்ளிப் பிள்ளைகளுக்கென ஒரு பாடத்திட்டத்தைப் பரப்பிவருகிறது. கரிபியன் கடலிலுள்ள கேமன் தீவுகளிற் பணியாற்றிய மார்ட்டின் கீலி என்னும் கல்வியாளர் அதனை ஆக்கினார். 'அற்புதக் கண்டல்கள்' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். நூலைப் படித்து ஒப்புவிக்கும் பாடமன்று அது. சேற்றில் இறங்கித் தொட்டு, முகர்ந்து, அளந்து, எண்ணிக் கற்கும் பாடம். இலங்கை, ஹொண்டூராஸ், கொலம்பியா, சீனா, வங்காளதேசம் முதலாய நாடுகள் இதனைத் தத்தம் கரைக்கு ஏற்பத் தழுவிக்கொண்டன. இந்நாட்டிற் சிலாபத்தை நடுவமாகக் கொண்ட சிறு மீனவர் கூட்டமைப்பு, இப்போது 'சுதீச' என அழைக்கப்படுவது, கண்டற் கல்வியில் நீண்டகாலமாக ஈடுபட்டு வந்துள்ளது. வெப்பமண்டல நாடுகளின் பிள்ளைகள் தம் ஊர்க் கண்டற் காட்டை வரைந்தனுப்பும் ஓவியங்களைக் கொண்டு மேற்சொன்ன அமெரிக்க அமைப்பு நாட்காட்டியும் வெளியிடுகிறது. அத்தகைய நாட்காட்டி ஒன்றில் வேற்று நாட்டுப் பிள்ளை வரைந்த நண்டைக் கண்ட எம் மாணவன் ஒருவன், "சேர், இது எங்கட நண்டுதானே!" என்று கூவினான். உலகம் ஒன்று என்பதற்கு அதனினும் நல்ல பாடத்தை நாம் கற்பித்ததில்லை.

ஆயினும் பிறநாட்டுப் பாடத்தை எம் மொழியிற் கொண்டுவருவது எளிதாயிற்றென எண்ணற்க. கரிபியன் கரையிலே கண்டல் வகை மிகச் சில. ஆங்கிலத்தில் அவற்றைச் சிவப்பு, கறுப்பு, வெள்ளை என நிறத்தாற் பெயரிட்டு வழங்குவர். இலங்கையிலோ ஏறத்தாழ இருபது வகை உள. நாம் ஆர்வ மிகுதியால் அந்நிறப் பெயர்களை அப்படியே மொழிபெயர்த்துச் 'சிவப்புக் கண்டல்', 'கருங்கண்டல்' எனத் தாள்களில் எழுதிக் கொடுத்தோம். பிள்ளைகள் தாளையும் மரத்தையும் மாறிமாறிப் பார்த்து விழித்தனர். எம் கரையிற் கண்டல் என்றாற் கண்டல்தான், மற்றையது கண்ணா. இரண்டையும் அவர்கள் பிறந்ததுமுதல் அறிவர். பச்சை இலையும் சாம்பற் பட்டையுமாய் நிற்கும் மரத்தில் அவர்கள் சிவப்பை எங்கே தேடுவர்?

இதனினும் பெரிய பிழை ஒன்று நேரவிருந்தது. பிறிதோர் ஆங்கிலக் கையேட்டில் தில்லை மரத்துக்குப் பாலோடு தொடர்புடைய பெயர் இருந்தது. கிளையை ஒடித்தால் வெண்பால் வடியும் என்பது அதற்குக் காரணம். நாமும் 'பாற்கண்டல்' எனப் புதுச்சொல் படைத்து மகிழ்ந்தோம். களப்புக்குப் புறப்படும் காலையில் ஒன்பதாந் தர மாணவி ஒருத்தி, "சேர், அந்தப் பாலைக் குடிக்கலாமா?" எனக் கேட்டாள். எமக்கு உடல் நடுங்கிற்று. தில்லையின் பால் தோலிற் பட்டாற் கொப்புளம் எழும். கண்ணிற் பட்டாற் பார்வையே போகக்கூடும். மரத்தின் கண்ணுக்கினிய தோற்றத்தையும், உதிருமுன் அதன் இலை செம்மை பூண்டு நிற்கும் அழகையும் கண்டு மயங்குவார்க்கு இது தெரியாது. மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் 'தில்லை' என்ற சொல்லே எச்சரிக்கை. அம்மரத்தை வெட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பதை அவர்கள் பாட்டன்மாரிடமிருந்து கேட்டிருப்பர். நாம் அச்சொல்லை அழித்துப் பாலைப் புகுத்தினோம். அன்றே தாள்கள் யாவற்றையும் திரும்பப் பெற்று, ஊர்ப் பெயர்களை இட்டு மீண்டும் எழுதுவித்தோம். இப்போது எம் பாடம் மரத்தின் பெயரைக் கேட்டறிவதிலேயே தொடங்குகிறது. களப்புக்குச் செல்லுமுன் பிள்ளைகள் வீட்டு முதியோரிடம் சென்று, இம்மரத்துக்கு என்ன பெயர், எதற்குப் பயன்படுத்தினீர்கள், எதற்கு அஞ்சினீர்கள் என மூன்று வினாக்கள் கேட்டு எழுதி வரவேண்டும். கண்டற் பட்டையை அவித்து வலைக்குச் சாயமேற்றிய கதை அவ்வாறே எமக்குக் கிடைத்தது.

இனிச் சேற்றுக்குள் இறங்குவோம்.

முதற் பாடம் நாவினாற் கற்பது. கண்ணாவின் இலையைப் பறித்து மெல்ல நக்கும்படி சொல்வோம், உப்புக் கரிக்கும். வெயிலேறிய பின் அவ்விலையில் உப்புப் படிந்திருப்பதைக் கண்ணாலும் காணலாம். பின்னர்க் கண்டலின் இலையை நக்கச் சொல்வோம்; அத்தகைய உப்பு இராது. இரு மரங்களும் ஒரே உவர்நீரில் நிற்கின்றன. பின் வேறுபாடு எதனால்? பிள்ளைகள் சிறிதுநேரம் தம்முள் வாதிடுவர். கண்டல், உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே வடித்து வெளியே நிறுத்திவிடும். கண்ணாவும் ஓரளவு வடிப்பினும், உட்புகுந்த உப்பை இலையிலுள்ள சுரப்பிகளால் வெளியேற்றும். வாயிலிலே தடுப்பது ஒன்று. வீட்டுக்குள் வந்ததைக் கூட்டித் தள்ளுவது மற்றொன்று. இதனைக் கரும்பலகையில் எழுதி விளக்க ஒரு பாடவேளை வேண்டும். நாவுக்குச் சில நொடி போதும். தில்லையை மட்டும் எவரும் தொடலாகாது என்பதை, மரத்தருகே நிறுத்தி, மும்முறை சொல்வித்த பின்னரே இப்பாடத்தைத் தொடங்குவோம்.

இரண்டாவது மூக்கினாற் கற்பது. சேற்றைக் காலாற் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் எழும். மாணவிகள் முக்காட்டால் மூக்கைப் பொத்துவர். நீர் தேங்கிய சேற்றில் ஒட்சிசன் இல்லை, அங்கு வாழும் பற்றீரியாக்கள் கடல்நீரிலுள்ள சல்பேற்றைக் கொண்டு சீவித்து ஐதரசன் சல்பைட்டு வாயுவை விடுகின்றன, நாற்றம் அதனுடையது. காற்றில்லாத அச்சேற்றில் மரவேர் எவ்வாறு மூச்சுவிடும்? கண்ணாவைச் சூழப் பென்சில் நட்டாற்போல் மேல்நோக்கி நிற்பவை மூச்சுவேர்கள். கண்டல், மிண்டிவேர்களை வில்லாக வளைத்து ஊன்றி, அவற்றின் பட்டையிலுள்ள நுண்துளைகளாற் காற்றைப் பெறும். நண்டுகள் தோண்டும் வளைகள் வழியாகவும் சேற்றினுட் காற்றும் நீரும் செல்கின்றன. ஒரு மீற்றர்ச் சதுரமாகக் கயிற்றைக் கட்டி, அதனுள் எத்தனை நண்டு வளை, எத்தனை மூச்சுவேர், எத்தனை சேற்றுநத்தை என எண்ணுவது கீலியின் பாடம் போன்றவை கற்பிக்கும் முறை. இதற்குக் கயிறும் கண்ணும் பொறுமையுமே கருவி. கணிதத்திற் பின்தங்கிய மாணவன் ஒருவன் நண்டு வளை எண்ணுவதில் எவருக்கும் சளைக்காதவனாய் விளங்கினான். சராசரி காணும் முறையை அவன் கற்றது அந்தச் சதுரத்தினுள்ளேதான்.

கண்டலின் பிள்ளைப்பேறு பற்றிச் சொல்லாதிருக்க இயலாது. பிற மரங்கள் வித்தை உதிர்த்துவிட்டுக் கடன் தீர்ந்தது என்றிருக்கும். கண்டலோ வித்தைக் கிளையிலே வைத்தே முளைக்கச் செய்து, நீண்ட பச்சைக் கோலாக வளர்த்து, அதன் பின்னரே கைவிடும். அக்கோல் நீரில் மிதந்து நெடுந்தூரம் செல்லும். முதலிற் கிடையாகவும் பின்னர் நிமிர்ந்தும் மிதந்து, ஏற்ற இடத்தில் அடி தட்டியதும் வேர்விடும். வீட்டை விட்டுப் புறப்படுமுன் பிள்ளையை வளர்த்து அனுப்பும் தாய் என்று நாம் உவமை கூறினோம். வெளிநாட்டிலே தந்தை உழைக்கத் தாயோடு வாழும் பிள்ளைகள் பலர் உள்ள வகுப்பு அது. அவர்கள் அந்தக் கோலைக் கையில் நெடுநேரம் வைத்திருந்தனர்.

இவ்வளவும் மகிழ்ச்சியாக நிகழ்ந்தன. இனி எம் தோல்வியைச் சொல்லவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், உலகச் சுற்றாடல் தினமாகிய யூன் 5 ஆம் நாள், சில நூறு கண்டற் கோல்களைக் களப்போரச் சேற்றுவெளியில் நட்டோம். பதாகை இருந்தது, படம் பிடிப்பவர் இருந்தனர், நாற்றும் சிற்றுண்டியும் தந்துதவிய ஓர் அமைப்பினரும் இருந்தனர். வெற்றிடமாகப் பரந்து கிடந்த சேற்றைக் கண்டு, இங்கே காடு எழுப்புவோம் என முழங்கினோம். பிள்ளைகள் தத்தம் நாற்றுக்குப் பெயரும் இட்டனர். அடுத்த ஆண்டு அதே நாளிற் சென்றபோது ஒன்றேனும் உயிரோடில்லை. சில சோளகக் காற்றின் அலையிற் பிடுங்குண்டன. சில சிப்பி மூடிச் செத்தன. கரையோரத்தில் எஞ்சியவற்றை மாடுகள் மேய்ந்தன. தன் தம்பியின் பெயரையே நாற்றுக்கு இட்டிருந்த சிறுமி அழுதாள். "அடுத்த முறை இன்னும் கூடுதலாக நடுவோம்" என்று தேற்றினோம். அது தேற்றமன்று, அறியாமை என்பது பின்னரே விளங்கிற்று.

மாணாக்கரைக் காண வந்த பிறநாட்டுக் கல்வியாளர் ஒருவரிடம் இதனைச் சொன்னோம். அவர் நாற்றைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இந்த இடத்தில் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தண்ணீர் நிற்கிறது?" என்று வினவினார். எவரும் விடை பகரவில்லை. பின்வரிசையில் நின்ற மாணவன் மட்டும், "இவ்விடம் எப்போதும் முழங்கால் அளவு தண்ணீர்தான் சேர், அங்கே மரம் நிற்குமிடந்தான் வற்றும்" என்றான். அவன் தந்தை வள்ளத்திற் போகிறவர். நட்ட நாளிலும் அவன் எம்மோடு நின்றவன். நாம் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வெற்றிடமாக ஓரிடம் கிடந்தால், மரம் ஏன் அங்கே தானாக வரவில்லை என்றே முதலிற் கேட்டிருக்கவேண்டும். கண்டல் நீரில் வாழும் மரமன்று. நீர் வந்து வந்து போகுமிடத்து மரம். புளோரிடாவிலே ரொபின் லூயிஸ் என்னும் சூழலியலாளர் இதனை ஆராய்ந்து, கண்டற் காடுகள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நேரமோ அதற்குக் குறைவாகவோ நீரில் அமிழ்ந்திருக்கும் உயரத்திலேயே நிலைபெறுகின்றன எனக் காட்டினார். அவர் முறையில், நடுவதற்கு முன் நிலத்தின் உயரமும் நீரின் வரவும் சீர்செய்யப்படும். அவை சீரானால் வித்துக்கள் தாமாகவே மிதந்து வந்து குடியேறும்.

எமது தோல்வி எம்முடையது மட்டுமன்று. உறுகுணைப் பல்கலைக்கழகத்தாரும் பெல்ஜியப் பல்கலைக்கழகத்தாரும் கூடி நடத்தி 2017 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களைச் சென்று பார்த்தது. அவற்றுள் 9 இடங்களில் ஒரு செடியும் எஞ்சவில்லை. 1,000 முதல் 1,200 வரையான ஹெக்டேயரில் நட்டும், காடாகத் தேறியது 200 முதல் 220 ஹெக்டேயர் வரையே. பாதிக்கு மேற்பட்ட நாற்றுகள் பிழைத்த இடங்கள் மூன்றே: கற்பிட்டி, பம்பலை, நீர்கொழும்பு. அவற்றுள் இரண்டு எம் மாவட்டத்தன என்பது எமக்கு ஆறுதலாகவும் நாணமாகவும் இருந்தது. எம் அயலிலே செய்யத் தெரிந்தவர் இருந்தனர். நாம் சென்று கேட்கவில்லை. அவ்வாய்வு கூறும் காரணங்களும் எம் பிள்ளைகள் கண்டவையே: தகாத நிலம், தகாத மரம், நட்டபின் பேணாமை. எவ்விடத்தும் கண்டற் கோலையே நடும் வழக்கத்துக்குக் காரணம் அது நீண்டு கைக்கு வசதியாய் இருப்பதுதான் போலும். கண்ணாவின் சிறு வித்தைப் படம் பிடித்தால் அழகாய் இராதன்றோ!

காடு ஏன் அழிந்தது என்பதைச் சொல்லாது நடுவதைமட்டும் கற்பித்தல் அரைப் பாடம். இங்கேதான் வகுப்பறை கடினமாயிற்று. 1980களிலும் 1990களிலும் எம் கரையில் இறாற் பண்ணைகள் பெருகின. சிலாபம் முதல் முந்தல், உடப்பு, புத்தளம் ஈறாக ஒல்லாந்தர் வாய்க்காலை அடுத்துக் கண்டலும் உவர்நிலமும் வெட்டப்பட்டுக் குளங்களாயின. ஒரே வாய்க்காலிலிருந்து நீரை எடுத்து, அழுக்கை அதே வாய்க்காலில் விட்டனர். ஒருவன் குளத்தில் நோய் கண்டால் அயலவன் குளத்திலும் அது புகுந்தது. 1996 ஆம் ஆண்டு வெண்புள்ளி நோய் வந்தபோது பண்ணை பண்ணையாக இறால் மடிந்தது. கைவிடப்பட்ட குளங்கள் இன்றும் வரம்போடு கிடக்கின்றன. வரம்பு நீரை மறிப்பதால் அங்கே கண்டல் மீண்டும் வருவதில்லை.

இதனை விளக்கிக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்தான். "வெட்டினது எங்கட அப்பப்பா சேர். பண்ணைக்காரர் நாட்கூலி தந்தவை. அந்தக் காசிலதான் அப்பாவைப் படிப்பிச்சவர். அவர் செய்தது பிழையா?" வகுப்பு அமைதியாயிற்று. பிழை என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. பிழையன்று எனவும் சொல்ல இயலவில்லை. அப்பெரியவரை வகுப்புக்கு அழைத்துவர இயலுமா எனக் கேட்டோம். ஒரு வெள்ளிக்கிழமை அவர் வந்தார். எவ்விடத்தில் எம்மரம் நின்றது, எது முதலில் வெட்டப்பட்டது, நீர் எவ்வழியே ஓடிற்று என்பவற்றைக் கரும்பலகையில் வெண்கட்டியால் வரைந்தார். பிள்ளைகள் அதனைப் படியெடுத்தனர். அக்காட்டின் பழைய படம் அவர் நினைவிலேயே இருந்தது. வெட்டியவர் என்ற பெயரோடு வந்தவர் ஆசிரியராய்த் திரும்பிச் சென்றார். பேரன் அன்று எம்மைப் பார்த்த பார்வையை நாம் மறவோம்.

பிழைப்பும் காடும் ஒன்றையொன்று உண்ணாது வாழ வழி உண்டா என்ற அம்மாணவனின் வினாவை இந்நாடு பெரிய அளவிற் சோதித்தும் பார்த்தது. 2015 ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள 'சீக்கோலஜி' அமைப்பும் சுதீசவும் இலங்கை அரசும் இணைந்து, நாட்டின் கண்டற் காடுகள் அனைத்தையும் காக்கும் ஐந்தாண்டுத் திட்டமொன்றை அறிவித்தன. காக்கப்படவேண்டிய பரப்பு ஏறத்தாழ 8,800 ஹெக்டேயர். திட்டச் செலவு 34 இலட்சம் டொலர். அதன் உயிர்நாடி மரமன்று, பெண்கள்: கண்டற் காட்டை அடுத்த ஊர்களில் 15,000 பெண்களுக்குச் சிறுகடனும் தொழிற்பயிற்சியும் அளித்து, அவர்கள் விறகுக்கு மரத்தை வெட்டாது காவலராகும்படி செய்தல். அடுத்த ஆண்டு யூலை 26 ஆம் நாள், யுனெஸ்கோ கண்டற் காடுகளுக்கெனக் குறித்த நாளில், சிலாபத்தை அடுத்த பம்பலையிற் கண்டல் அரும்பொருட் காட்சியகமொன்று திறக்கப்பட்டது. உலகில் இத்தகையது இதுவே முதல் என்றனர். பழைய மாணவர்கள் தம் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லலாம். காட்சியகத்தை விரைவாகப் பார்த்து முடித்து, வெளியே மரங்களுக்கிடையே நெடுநேரம் நிற்கும்படியும் வேண்டுகிறோம்.

எமக்கு அதனினும் நெருக்கமான பள்ளி ஆனைவிழுந்தான். சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே, ஒன்றோடொன்று தொடுத்த பழைய குளங்களும் களப்பும் சேர்ந்த அந்நிலம், 2001 ஆம் ஆண்டு ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகச் சேர்க்கப்பட்டது. பரப்பு 1,397 ஹெக்டேயர். சரணாலயத்தினுள்ளும் கைவிட்ட இறாற் குளங்கள் இருந்தன. 2020 ஆம் ஆண்டு தொடக்கம் வனசீவராசிகள் திணைக்களமும் வனவிலங்கு, இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும் வயம்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் செவ்வந்தி ஜயக்கொடியின் வழிகாட்டலில் அங்கே வரம்புகளை உடைத்து நீர்வழியைத் திறந்து, காடு தானே மீளும் வகை செய்தனர். 2024 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அமைப்பு, இலங்கையின் கண்டல் மீட்பை உலகின் முன்மாதிரி மீட்புப் பணிகளுள் ஒன்றாக அறிவித்தது. நட்டுத் தோற்ற எம் பிள்ளைகளுக்கு அங்கே காட்டியது ஒன்றே: நடுவதற்கு முன் நீருக்கு வழிவிடுதல்.

கடல் கடந்த உறவினால் எமக்குக் கிடைத்த பயனைச் சிலர் பணம் என எண்ணுவர். பணம் பெரும்பாலும் பதாகையோடு வந்து பதாகையோடு போகும். எமக்குக் கிடைத்தது வினாக் கேட்கும் முறை. அதே வேளையில், அவர்களிடம் இல்லாத ஒன்றை நாமும் கொடுத்தோம். எம் மாணாக்கர் திரட்டிய ஊர்ப் பெயர்களையும் முதியோர் சொன்ன பயன்களையும் அக்கல்வியாளர் தம் குறிப்பேட்டில் மிகக் கவனமாக எழுதிச் சென்றார்; தில்லைக்கு எதிரே எச்சரிக்கைக் குறியும் இட்டுக்கொண்டார். இந்து - பசிபிக் கரைகளின் 25 கண்டற் காடுகளை ஆராய்ந்து 2011 ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு, ஹெக்டேயருக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,000 தொன் காபன் அங்கே சேர்ந்திருப்பதாகவும், அதிற் பெரும்பகுதி மரத்திலன்றிச் சேற்றிலேயே இருப்பதாகவும் கூறுகிறது. நாற்றமென்று மூக்கைப் பொத்திய மாணவியிடம் இதனைச் சொன்னபோது, முக்காட்டை எடுத்துவிட்டு, "அப்ப இந்தச் சேறுதான் சேர் காடு" என்றாள். அவ்வளவு சுருக்கமாக எழுத எமக்கு வராது.

இப்போது எம் மாணாக்கர் நடுவதில்லை; அளக்கின்றனர். களப்போரத்தில், உடைந்த வரம்பொன்றின் வாயிலில், கோடிட்ட கோலொன்றை ஊன்றி, நீர் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது எனக் குறிக்கின்றனர். வரட்சிக் காலத்திற் களப்பு நீர் கடலினும் உவர்ப்பாகும் என்பதை, ஒரே அளவான களப்பு நீரையும் கடல்நீரையும் தட்டுகளிற் காயவைத்து, எஞ்சிய உப்பை நிறுத்துக் கண்டனர். உப்பள வேலை செய்வோரின் பிள்ளைகள் அதற்கு வியப்படையவில்லை, நாமே வியந்தோம். அவ்வரம்பின் உட்புறத்தில், எவரும் நடாத கண்ணாக் கன்றுகள் சில தோன்றியுள்ளன. தம்பி பெயரை இட்டு அழுத சிறுமி இப்போது உயர்தர வகுப்பு மாணவி. அக்கன்றுகளின் உயரத்தை மாதந்தோறும் குறிப்பவள் அவளே. அவற்றுக்கு எவர் பெயரையும் அவள் இடவில்லை.

அக்கோல் இருமுறை காணாமற் போயிற்று. கயிற்றின் தழும்பைக் கொண்டு பார்க்கையில், வள்ளம் கட்டிய இழுப்பிற் பிடுங்குண்டதென்றே தெரிகிறது. மூன்றாவது கோல் வெண்ணிறப் பூச்சோடு இவ்வாண்டு ஊன்றப்பட்டுள்ளது. களப்பிற் தொழில் செய்யும் பழைய மாணவர்கள் அதனைக் கண்டால் அருள்கூர்ந்து அதில் வள்ளத்தைக் கட்டாதிருப்பார்களாக.